சிறுகுடலும் ஜீரண நொதிகளும்

நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியுடன் காலையில் நாம் உண்ணும் இட்லியில் அரிசியின் மாவுச்சத்தும் உளுந்தின் புரதமும் எண்ணெயின் கொழுப்பும் ஒருங்கே அமைந்திருந்தாலும், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் ஜீரண நொதிகள் அவற்றை நுண்ணிய கூறுகளாகப் பிரித்த பின்னரே அவை தேகத்துக்குப் பயன்படுகின்றன.

கணைய நீரும் பித்த நீரும்

இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த கூழாக இறங்கும் ஆகாரம் முன்சிறுகுடலை அடைந்தவுடன், அதன் சுவரில் சுரக்கும் செக்ரீட்டின் என்னும் ஹார்மோன் இரத்தத்தின் வழியே சென்று, அமிலத்தைத் தணிக்கும் கார நீரைக் கணையத்திலிருந்து சுரக்கச் செய்கிறது என்பதை, 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அமிலம் தணிந்தாலன்றிக் கணைய நொதிகள் செவ்வனே தொழிற்பட மாட்டா. பித்த நீரில் ஜீரண நொதி இல்லையெனினும், அது எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறச் செய்வதனாலேயே லைபேஸ் என்னும் நொதிக்குக் கொழுப்பைப் பிரிப்பது எளிதாகிறது.

உறையிலிட்ட வாள்

புரதத்தைப் பிளக்கும் டிரிப்ஸின், தன்னைப் பிறப்பித்த கணையத்தையே அழித்துவிடாதவாறு, உறையிலிட்ட வாளென டிரிப்ஸினோஜன் என்ற செயலற்ற வடிவில் வெளிவருகிறது. சிறுகுடற் சுவரிலுள்ள என்டரோகைனேஸ் என்னும் நொதி அதன் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டி நீக்கிய பின்னரே அதற்குச் சக்தி பிறக்கிறது. மதுவினாலோ பித்தக்கல்லினாலோ இக்காவல் குலைந்து, நொதிகள் கணையத்துக்குள்ளேயே தொழிற்படத் தொடங்குமாயின், அதுவே உயிருக்கு அபாயம் விளைவிக்கக்கூடிய கணைய அழற்சியாகிறது.

குடற்சுவரின் பணி

மாவுச்சத்து மால்டோஸ் முதலிய சிறு சர்க்கரைகளாகச் சிதைந்து வர, குடற்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பிலுள்ள மால்டேஸ் போன்ற நொதிகள் அவற்றைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் சேரச் செய்கின்றன. பாற்சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ் பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுவதால், பால் அருந்தினால் வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகின்றன; தயிரிலோ நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை முன்னரே புளிக்கச் செய்துவிடுவதால், அத்தகையோரிற் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது.

கவனிக்க வேண்டியவை

மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையுடன் மிதந்து, உடலும் மெலிந்து வருமாயின், கணைய நொதிகள் குறைந்திருக்கக்கூடும் என்று கருதி, மருந்துக்கடையில் தாமாகவே ஜீரண மாத்திரை வாங்கி விழுங்காமல், வைத்தியரிடம் காட்டிக் காரணத்தை அறிதல் வேண்டும். மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை பரவும் கடும் வலி, வாந்தியுடன் நீடிக்குமானால், வாயுத் தொல்லையென்று காலம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மதுவை அறவே விலக்குவதே கணையத்துக்கு நாம் செய்யக்கூடிய பேருபகாரம்.