மேகத்தைச் சுட்டு ரொட்டியாக்கியவர்

2020 மார்ச் 31 அன்று சுவீடனிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டுக்கான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் நினைவு விருது தென்கொரியாவின் படப் புத்தகக் கலைஞர் பெக் ஹீனாவுக்கு வழங்கப்படுகிறது என்று. பரிசுத் தொகை 50 லட்சம் குரோனர். அன்றைய மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். சிறார் இலக்கியத்துக்கென்றே உலகில் தரப்படும் பரிசுகளில் இதைவிடப் பெரிய தொகை கிடையாது. கொரியர் ஒருவர் இதைப் பெற்றது அதுவே முதல் முறை.

மூன்று மாதம் முடியவில்லை. ஜூன் 25 அன்று கொரிய உச்ச நீதிமன்றம் அதே ஹீனாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர் பெயரை நாடறியச் செய்த ‘மேக ரொட்டி’ என்ற புத்தகத்தின் உரிமை யாருக்கு என்பதுதான் வழக்கு. அது அவருக்கு இல்லை என்று முடிந்தது.

ஒரே ஆண்டில் உலகம் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சொந்த நாட்டுச் சட்டம் கையை விரித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் ஒரு புத்தகத்தை எப்படி உருவாக்குகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹீனா 1971-ல் சோல் நகரில் பிறந்தவர். அங்கே இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பம் படித்தார். பிறகு அமெரிக்காவின் கலிஃபோர்னியா கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸில் அனிமேஷன் கற்றார். அந்த இரண்டாவது படிப்பு அவருடைய ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். படப் புத்தகக் கலைஞர் என்றதும் தூரிகையும் வண்ணமுமாகத் தாள்மீது குனிந்திருக்கும் ஒருவர்தான் நம் மனதில் வருவார். ஹீனா பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. முதலில் பொம்மைகளைச் செய்கிறார். அவற்றுக்கு உடை தைக்கிறார். அவை வாழ்வதற்கு வீடு கட்டுகிறார்: சமையலறை, சோபா, ஜன்னல், பாத்திரம் எல்லாம் பொம்மையின் அளவுக்கு. பிறகு விளக்குகளை வைத்து, காலையா இரவா, மழையா வெயிலா என்பதை வெளிச்சத்தால் தீர்மானித்து, கேமராவில் படம் பிடிக்கிறார். நாம் புத்தகத்தில் பார்ப்பது அந்தப் புகைப்படத்தை.

2004-ல் வெளிவந்த ‘மேக ரொட்டி’யில் இந்த முறை இன்னும் எளிமையாக இருந்தது. பாத்திரங்களைத் தாளில் வரைந்து, வெட்டியெடுத்து, முப்பரிமாண அறைகளுக்குள் நிறுத்திப் படம் பிடித்தார். கதை இதுதான். ஒரு மழை நாள் காலை. உடன்பிறந்த இரண்டு பூனைக் குட்டிகள், மரக்கிளையில் சிக்கிய ஒரு சின்ன மேகத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. அம்மா அதைப் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டியாகச் சுடுகிறாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா சாப்பிடாமலே ஓடிவிட்டார். ரொட்டியைத் தின்ற மற்றவர்கள் காற்றில் மிதக்கிறார்கள். அப்பாவுக்குப் பசிக்குமே என்று குட்டிகள் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு பறந்து போய், போக்குவரத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் அவரிடம் கொடுக்கின்றன. அவரும் பறந்து ஆபீஸ் போய்ச் சேருகிறார்.

காகிதப் பாத்திரங்கள்தான்; ஆனால் அவற்றின் நிழல் உண்மையான நிழல். மழைநாளின் சாம்பல் வெளிச்சம் ஜன்னல் வழியாக உண்மையாகவே உள்ளே வருகிறது. மேகம் ரொட்டியாகும் என்று குழந்தை எளிதில் நம்புவதற்கு இந்த வெளிச்சமே காரணம் என்று நினைக்கிறேன். நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லும்போது, அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும்படி வைத்துவிடுகிறார்.

புத்தகம் கொரியாவில் மட்டும் நான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பல மொழிகளுக்குப் போனது. இசை நாடகமானது, தொலைக்காட்சித் தொடரானது, பொம்மைகளாகக் கடைகளில் தொங்கியது. இதிலெல்லாம் ஹீனாவுக்குக் கிடைத்த மொத்தப் பணம் 1 கோடியே 85 லட்சம் வோன். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் ஏழு லட்சம் ரூபாய். 2003-ல், இன்னும் பெயர் தெரியாதவராக இருந்தபோது, ஒரே தொகைக்கு எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். புதிய எழுத்தாளர்களிடம் இப்படி மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வது அந்நாட்டுச் சிறார் பதிப்புத் துறையில் அப்போது சாதாரணம். புத்தகத்தோடு, அதிலிருந்து பிறக்கக்கூடிய நாடகம், தொடர், பொம்மை எல்லாமே அந்த ஒரு கையெழுத்தில் கைமாறிவிடும்.

இந்த விவகாரம் வெளியே வந்து பெரும் பேச்சானபோது, அரசும் திரும்பிப் பார்த்தது. 2014-ல் கொரியாவின் நியாய வணிக ஆணையம் 20 பதிப்பகங்களின் ஒப்பந்தங்களை ஆராய்ந்து, இப்படிப்பட்ட விதிகளைத் திருத்தச் செய்தது. ஆனால் ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தை அது மாற்றவில்லை. ஹீனா நீதிமன்றம் போனார். ஒவ்வொரு படியிலும் தோற்றார். ஒப்பந்தம் போட்டபோது அவர் புதியவர், புத்தகம் ஓடாமல் போனால் நஷ்டம் பதிப்பகத்துக்குத்தான், ஆகவே அந்த ஏற்பாட்டை அநியாயம் என்று சொல்ல முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம்.

வணிகக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஒரு பாத்திரத்தைக் கையால் வெட்டி, அதற்கொரு வீடு கட்டி, அதன் முகத்தில் எங்கிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு, அந்தப் பாத்திரத்தை வைத்து அடுத்த கதையைச் சொல்லும் உரிமை இல்லாமல் போகிறது. அந்தப் பூனைக் குட்டிகள் இன்றைக்கும் வேறொருவர் சொத்து. விற்பனைப் பங்கு எத்தனை சதவீதம் என்ற கேள்வியைவிட இது கனமான இழப்பு.

‘மேக ரொட்டி’க்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் அதிகம் வெளியே தெரியவில்லை. 2010-ல் ‘நிலா ஐஸ்’ புத்தகத்தோடு திரும்பி வந்தபோது, அதை வெளியிட்டது ‘ஸ்டோரிபௌல்’. அவரே தொடங்கிய பதிப்பகம். இந்த முறை உரிமையும் அவரிடம், அச்சும் அவர் பொறுப்பு.

‘நிலா ஐஸ்’ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதை. தாங்க முடியாத புழுக்கமான இரவு. எல்லா வீட்டிலும் ஜன்னல் மூடியிருக்கிறது, ஏசி ஓடுகிறது. வெக்கை தாளாமல் வானத்து நிலா சொட்டுச் சொட்டாக உருகுகிறது. அதைப் பார்த்த ஒரு பாட்டி, பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பிடிக்கிறாள்; அச்சுகளில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. இருட்டில் தடுமாறி வெளியே வந்தவர்கள், ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் கசியும் மஞ்சள் வெளிச்சத்தைத் தேடிப் போகிறார்கள். பாட்டி ஆளுக்கொரு நிலா ஐஸ் தருகிறாள். தின்றதும் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. அன்றிரவு எல்லோரும் ஏசியை விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறார்கள்.

கதை இங்கே முடிவதில்லை. பாட்டி வீட்டுக் கதவை இரண்டு முயல்கள் தட்டுகின்றன. நிலா உருகிப் போனதால் அவற்றுக்கு இருக்க இடமில்லை. நிலாவில் முயல் இருக்கிறது என்பது நமக்கும் பழகிய நம்பிக்கைதான். கொரியாவில் அந்த முயல்கள் அங்கே உரலில் அரிசி இடித்துக்கொண்டிருக்கும். பாட்டி மிச்சமிருந்த நிலாச் சாற்றை ஒரு பூந்தொட்டியில் ஊற்றுகிறாள். பூத்த பூ வானத்தைப் பார்த்துத் திரும்ப, அங்கே ஒரு புள்ளி வெளிச்சம் தோன்றி, வளர்ந்து முழு நிலாவாகிறது. பருவநிலை மாற்றம் என்ற சொல்லே புத்தகத்தில் வராது. பக்கம் முழுக்க ஒரு கட்டடத்தின் குறுக்குவெட்டு. ஒவ்வொரு ஜன்னலிலும் அடைபட்ட ஒரு குடும்பம். மேலே கரையும் நிலா. ஐந்து வயதுக் குழந்தைக்கு எதனால் எது நடந்தது என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

இதற்குப் பிறகு காகிதத்தின் இடத்தைக் களிமண் பிடித்தது. சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண்ணில் முழு உருவப் பொம்மைகளைச் செய்யத் தொடங்கினார். 2012-ல் வந்த ‘ஜாங்சூ குளியல் நிலையத்துத் தேவதை’யில் இந்த மாற்றம் என்ன செய்தது என்று பார்க்கலாம். தன் இறக்கை ஆடையைத் தொலைத்துவிட்டு பூமியிலேயே தங்கிவிட்ட தேவதை கொரியாவின் பழைய நாட்டார் கதையில் வருபவள். ஹீனா அவளுக்கு வயதாக்கிவிட்டார். ஊரின் ஒரு பழைய பொதுக் குளியல் நிலையத்தில், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள்: சுருக்கம் விழுந்த முகம், தொங்கும் சதை, தூக்கிக் கட்டிய கொண்டை, சிவந்த உதடு. அம்மாவோடு குளிக்க வந்த தோக்ஜி என்ற சிறுமிக்கும் அவளுக்கும் நட்பாகிறது. முதுகைத் தேய்த்துவிடும்போது அழாமல் இருந்தால் அம்மா ஒரு புட்டி இனிப்புத் தயிர் பானம் வாங்கித் தருவாள். தோக்ஜி வலியைப் பொறுத்துக்கொள்கிறாள். கிடைத்த புட்டியை, அதை ருசித்தே பார்த்திராத தேவதைக்குக் கொடுத்துவிடுகிறாள். முதிய பெண்ணுடலை இவ்வளவு வெளிப்படையாக, அருவருப்போ கேலியோ இல்லாமல் காட்டிய சிறார் புத்தகம் அபூர்வம். களிமண் என்பதால்தான் அது முடிந்தது. அந்தச் சதைக்குக் கனம் இருக்கிறது, தண்ணீரில் அமிழ்கிறது.

அவருடைய படைப்புகளில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், 2017-ல் வந்த ‘மாய மிட்டாய்’ என்பேன். தோங்தோங் தனியாகக் கோலி விளையாடும் பையன். புதுக் கோலி வாங்கப் போன கடையில், கோலி மாதிரியே இருக்கும் மிட்டாய்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு கோலம். சோபாவின் கட்டங்களைப் போன்ற மிட்டாயை வாயில் போட்டால் சோபா பேசுகிறது. இன்னொன்று வயதான வீட்டு நாயின் குரல். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று பபிள்கம். ஊதிய குமிழ் ஜன்னல் வழியே போய், இறந்துபோன பாட்டியின் குரலோடு திரும்பி வருகிறது.

அப்பாவின் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அப்பா தொடங்கும் கண்டிப்பு, பள்ளியிலிருந்து படுக்கைவரை, மூச்சுவிடாத எழுத்துக்களாகப் பக்கத்தை நிரப்புகிறது. வாசிக்கிற பெற்றோரே களைத்துவிடுவார்கள். அன்றிரவு கோபத்தோடு தோங்தோங் ஒரு சொரசொரப்பான மிட்டாயை வாயில் போடுகிறான். அப்பாவின் தாடிக் குத்தல் போன்ற மிட்டாய். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் அப்பாவிடமிருந்து, அவர் வாய் திறக்காமலே, அன்பைச் சொல்லும் ஒரே சொல் திரும்பத் திரும்ப மிதந்து வருகிறது. எழுத்துகள் இப்போது இடைவெளி விட்டு, மெல்லியதாக, காற்றில் அலைகின்றன. கண்டிப்பை நெருக்கமான எழுத்தாகவும் பாசத்தைப் பரவும் எழுத்தாகவும் அமைத்த அந்த வடிவமைப்பு பொம்மைகளுக்கு இணையான கலை. கடைசி மிட்டாய்க்கு நிறமே இல்லை. எந்தக் குரலும் வரவில்லை. ஆகவே பேச்சைத் தொடங்க வேண்டியது தோங்தோங்தான். பூங்காவில் நிற்கும் இன்னொரு பையனிடம் அவன் முதல் வார்த்தையைப் பேசுகிறான்.

ஜப்பானின் தோயே அனிமேஷன் இதையும், அந்த நாயின் இளமைக்காலத்தைச் சொல்லும் ‘நான் ஒரு நாய்’ நூலையும் சேர்த்து ஒரு குறும்படமாக்கியது. இயக்கியவர் ‘டிராகன் பால்’ தொடரால் அறியப்பட்ட தாய்சுகே நிஷியோ. கணினியில் உருவான படம்தான். ஆனாலும் ஹீனாவின் களிமண் சொரசொரப்பையும் பொம்மை அசைவையும் விடாமல் பிடித்துக்கொண்டது. 2025-ல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

விருதுக்கும் தீர்ப்புக்கும் பிறகு, 2022-ல் அவர் வெளியிட்ட ‘யெனியும் பொதுல் இளவலும்’ கொரிய நாட்டார் கதையின் மறுஆக்கம். கொட்டும் பனியில் பச்சைக் கீரை பறித்து வரச் சொல்லி ஒரு பெண்ணைத் துரத்துகிறார்கள். குகைக்குள் வசந்தத்தோடு காத்திருக்கும் ஓர் இளைஞன் அவளுக்கு உதவுகிறான். அதற்காக எரித்துக் கொல்லப்படுகிறான். அவள் அவனுக்கு உயிர் கொடுத்து எழுப்புகிறாள். பழைய கதையில் கொடுமைக்காரி மாற்றாந்தாய். ஹீனா அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘வயதான பெண்’ என்று மட்டும் வைத்தார். கதை கேட்கும் குழந்தைகளில் யாருக்காவது மாற்றாந்தாய் இருக்கலாம். யெனிக்கும் அந்த இளைஞனுக்கும் ஒரே முகத்தைச் செய்தார். அவளைக் காப்பாற்ற வந்தவன் வெளியாள் இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்த முடிவை அவர் சொற்களில் எடுக்கவில்லை, பொம்மை செய்யும்போதே எடுத்துவிட்டார்.