மருத்துவச் சோதனைகளில் பேய்சிய மாதிரி அளவுத் தெரிவு

மருத்துவச் சோதனைகளில் பேய்சிய மாதிரி அளவுத் தெரிவு என்பது, ஒரு மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்க எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதை, முன்னரே உள்ள அறிவையும் கணக்கில் கொண்டு தீர்மானிக்கும் புள்ளியியல் முறையாகும். தாமஸ் பேய்ஸ் எழுதி, அவர் இறந்த பின் 1763 இல் வெளியான கட்டுரையே இதன் மூலக் கருத்தைத் தந்தது.

தேவை

சேர்க்கப்படுவோர் மிகக் குறைவாயின், பயனுள்ள மருந்தும் பயனற்றதாகத் தோன்றக்கூடும். மிக அதிகமாயின், பலர் தேவையின்றித் தாழ்ந்த சிகிச்சைக்கு உட்படுவர். ஆகவே இது அறம் சார்ந்த கேள்வியும் ஆகும்.

எடுத்துக்காட்டு

குணமாகும் வீதம் 0.3 அளவில் இருக்கும் ஒரு சிகிச்சையில், அவ்வீதத்தை 0.05 நியம விலகலுடன் மதிப்பிட வேண்டும் எனக் கொள்க. மரபுவழிக் கணக்கின்படி 0.3 × 0.7 ÷ 0.0025 = 84 பேர் தேவை. முந்தைய ஆய்வில் 20 பேரில் 6 பேர் குணமடைந்திருந்தால், அவ்வறிவைப் பீட்டா (6, 14) என்னும் முற்பரவலாக எழுதலாம். புதிய தரவுகளைச் சேர்த்துப் பெறும் பிற்பரவலில், 84 என்ற எண்ணின் இடத்தில் புதியவர்களின் எண்ணிக்கையுடன் 20 உம் 1 உம் கூட்டிய தொகை அமையும். எனவே வீதம் எதிர்பார்த்தபடி அமைந்தால் ஏறத்தாழ 63 பேர் போதும்.

உறுதிப்பாடு

மரபுவழி முறை, மருந்தின் விளைவை ஒரே எண்ணாகக் கொண்டு சோதனையின் திறனைக் கணிக்கிறது. 1986 இல் ஸ்பீகல்ஹால்டரும் ஃப்ரீட்மனும், மருத்துவர்களின் கருத்துகளை முற்பரவலாக்கி, அதன் மீது திறனைச் சராசரி எடுக்கும் வழியை முன்வைத்தனர். இச்சராசரி பின்னர் உறுதிப்பாடு எனப் பெயர் பெற்றது. மருந்து பயன்தரும் நிகழ்தகவு முற்பரவலின்படி 70% எனில், பெரிய சோதனையிலும் உறுதிப்பாடு ஏறத்தாழ 70% ஐத் தாண்டாது.

நடைமுறையில்

2020 இல் பைசர், பயோன்டெக் நிறுவனங்களின் கொரோனாத் தடுப்பூசிச் சோதனை பேய்சிய முறையில் அமைந்தது. ஏறத்தாழ 44,000 பேர் சேர்ந்தபோதும், இறுதிப் பகுப்பாய்வுக்கான அளவுகோல் நோயுற்றோர் எண்ணிக்கையே. அது 164 எனத் திட்டமிடப்பட்டது. கிடைத்த 170 நோயாளிகளில் 8 பேர் தடுப்பூசி பெற்றவர்கள். 162 பேர் மருந்துப்போலி பெற்றவர்கள். முற்பரவலின் எடை இரண்டு நோயாளிகளுக்கும் குறைவாக இருந்ததால், முடிவைத் தரவுகளே தீர்மானித்தன.

குறைபாடுகள்

முற்பரவல் மிகை நம்பிக்கையுடன் அமைந்தால் மாதிரி அளவு தவறாகக் குறையும். பயனற்ற மருந்தும் ஏற்கப்படலாம். இதனால் ஐயப்பாடு மிகுந்த முற்பரவலைக் கொண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவது வழக்கம். மருத்துவக் கருவிகளுக்கான பேய்சியச் சோதனைகள் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.