ஜெப ஆலயப் படியில் ஒரு சத்தியாகிரகி

எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம் இருக்கிறது. அந்த ஆலயத்துக்குள் உட்காரும் உரிமைக்காகப் போராடியவர் ஆபிரகாம் பராக் சேலம்.

1882-இல் பிறந்தவர். சென்னையில் படித்த வழக்கறிஞர். கொச்சி சட்டசபை உறுப்பினர். தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தவர். 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போய் வந்தவர்.

இத்தனை இருந்தும், விடுதலை பெற்ற அடிமைகளின் வாரிசு என்று முத்திரை குத்தி, அவர் பிரிவு யூதர்களை மற்ற யூதர்கள் ஆலயத்துக்கு வெளியே உட்கார வைத்தார்கள். யூத வேதமான தோராவை வாசிக்கவும் விடவில்லை. நம் ஊர்க் கோயில் வாசல்களில் நடந்த அதே கொடுமை! எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்டதை ஆண்டுதோறும் கொண்டாடும் சமயத்திலா இப்படி?

சேலம் மதத்தை உதறவில்லை. காந்திய வழியில் ஆலயத்தைப் புறக்கணித்தார், சத்தியாகிரகம் செய்தார். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. முதலில் உள்ளே பின்வரிசை கிடைத்தது. மற்றத் தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

'யூத காந்தி' என்று அழைக்கப்பட்ட அவர் 1967-இல் மறைந்தார். மட்டாஞ்சேரியில் ஒரு சாலைக்கு அவர் பெயர்தான்.