மலைப் பள்ளிக்கூடங்கள் – 11: தேதி போட்டு வைத்த தாள்கள்

போன வாரம் செவிலியர் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அதற்கு எந்தப் பிரிவு எடுக்க வேண்டும், எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பது எந்த ஊர்ப் பள்ளியிலும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயம் அப்படியல்ல. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை ஓவியமே படிக்கிறேன் என்று சொன்னால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுக்குள் என்ன செய்து வைக்க வேண்டும்? ஏற்காட்டுக்கு அப்பால் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மாரமங்கலம் போன்ற ஊரில் இதற்குப் பதில் சொல்ல ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஏற்காடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரியும், மான்ட்ஃபோர்ட் போன்ற பழைய விடுதிப் பள்ளிகளும் ஞாபகத்துக்கு வரும். மான்ட்ஃபோர்ட் 1917 முதல் நடக்கிறது. அதே மலையில், மலையாளி பழங்குடியினர் வாழும் கிராமங்களின் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும். அங்கே ட்ராயிங் மாஸ்டர் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் அந்த நியமனம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை, அதுவும் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளை மனத்தில் வைத்தது. மலைப் பள்ளிகளில் எண்ணிக்கை எப்போதும் குறைவுதானே. ஓவிய ஆசிரியர் கிடைத்த பள்ளியிலும், பிள்ளைக்குக் கை தேறி வரும் வயதில், அதாவது ஒன்பதாம் வகுப்பிலிருந்து, ஓவிய வகுப்பு நின்றுபோகிறது. மேல்நிலையில் வழக்கமான பிரிவுகளில் ஓவியம் ஒரு பாடமாகவே இல்லை. இதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை. கணக்கை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, பன்னிரண்டு முடிந்ததும் பொறியியலுக்கு வா என்று எந்தப் பிள்ளையையும் நாம் கூப்பிடுவதில்லை.

ஆனால் கல்லூரி இருக்கிறது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. மரபுச் சிற்பமும் மரபு ஓவியமும் படிக்க மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுக் கல்லூரி இயங்குகிறது. கவின் கலைப் பட்டமான பி.எஃப்.ஏ. நான்கு வருடப் படிப்பு. பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் மட்டும் கதவைத் திறக்காது, எதிரில் உட்கார வைத்து வரையச் சொல்வார்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களிலும் கையால் செய்து காட்டும் தேர்வு உண்டு. இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்று கேட்கும் இடங்களில் மேஜைமேல் வைக்க வேண்டியதுதான் போர்ட்ஃபோலியோ.

இந்தப் போர்ட்ஃபோலியோவைப் பற்றி நம்மிடம் ஒரு தப்பான எண்ணம் ஊறிக் கிடக்கிறது. பத்துப் பதினைந்து ‘நல்ல’ படங்களை லேமினேட் செய்து ஃபைலில் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்த நல்ல படங்கள் பெரும்பாலும் என்ன? நடிகர் படம், காலண்டர் முருகன், யானைமேல் சூரியன் மறையும் காட்சி. போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சார்ட்டில் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக நிரப்பியவை. அதில் உழைப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டம் போட்டு வரைவது கையைப் பழக்கும். ஆனால் அந்தப் படத்தில் முடிவுகளெல்லாம் கேமரா எடுத்தவை. எங்கே நிற்பது, எதை விடுவது, எது பெரிது என்று தீர்மானித்தது பிள்ளை அல்ல. பார்க்கிற ஆசிரியருக்கு இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிளஸ் டூவுக்கு ஓவியம் விருப்பப் பாடம். 100 மதிப்பெண்ணில் 70 செய்முறைக்கு, அதில் 20 போர்ட்ஃபோலியோவுக்கு. முதல் ஸ்கெட்சிலிருந்து முடித்த படம் வரை வருடம் முழுக்கச் செய்த வேலை அதில் கணக்கில் வருகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் ஏ.பி. என்ற தேர்வின் ஓவியப் பிரிவுக்கு மாணவர் 20 படங்களை அனுப்புகிறார். அங்கும் ஐந்துதான் தேர்ந்தெடுத்த படைப்புகள். மற்றப் 15 படங்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு, செய்து பார்த்து, மாற்றிப் பார்த்து நடந்த வழியைக் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கிழித்துப் போடும் தாள்களுக்கு அங்கே இவ்வளவு இடம்.

நமக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1938-இல் துறையூர் பக்கம் கீரம்பூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடித்து 1959-இல் சென்னைக்கு வந்தார். சிற்பி எஸ். தனபால் அவரிடம் இருந்ததைக் கண்டுகொண்டு வழிகாட்டினார். மேலே சொன்ன சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து 1966-இல் வெளியே வந்தார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்தவையும் வார இதழ் வாசகர்களுக்குப் பழக்கமானவை. அவற்றை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். அந்த முகங்களை, தோளில் கிடக்கும் துண்டை, குத்துக்காலிட்டு உட்காரும் விதத்தை நேரில் பார்க்காத ஒருவர் அந்தக் கோட்டைப் போட முடியாது. சின்ன ஊரில் பிறந்தது அவருக்குக் குறையாக இருக்கவில்லை. அவர் கையிருப்பே அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கல்லூரியில் மாணவர்கள் ஸ்கெட்ச் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் போய் ஆட்களைப் பார்த்து வரைவது நெடுநாள் பழக்கம். மாரமங்கலத்துப் பிள்ளைக்கு வாசலைத் தாண்டினால் போதும்.

என்ன இருக்கிறது வாசலில்? காபிச் செடியின் ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஓரம் நெளிநெளியாக இருக்கும். பூவும் காயும் அந்தக் கணுவிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியில் இலை மாறி மாறி வரும். அந்தச் சில்வர் ஓக் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி நிறம். இந்த மூன்றையும் பென்சிலால் சரியாக வரைந்த பிள்ளைக்கு நேச்சர் ஸ்டடி என்றால் என்ன என்று தனியாகச் சொல்லித்தர வேண்டாம். பூத்தபோது ஒரு தாள், பச்சைக்காய் பிடித்தபோது ஒன்று, பழம் சிவந்தபோது ஒன்று, பறித்துக் களத்தில் காய வைத்தபோது ஒன்று. ஒரே கிளை, ஒரே வருடம், நான்கு தாள். அமெரிக்கப் பிள்ளையிடம் கேட்கிற அந்த ‘ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவது’ இதுதான்.

அப்புறம் பனி. தூரத்தில் இருப்பது வெளுத்தும் கிட்டத்தில் இருப்பது அழுத்தமாகவும் தெரியும் என்பதை நகரத்துப் பிள்ளை புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. மலையில் மேகம் இறங்கும் காலையில் முதல் மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கு அடுத்தது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நாலு டோனில், ஒரே பென்சிலில், அரை மணி நேரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். மனிதர்கள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறார்கள்: பழம் பறிக்கிறவர்களின் வளைந்த முதுகு, கூடையின் எடை எந்தத் தோளில் இறங்குகிறது என்பது, அடுப்பு ஊதும் பாட்டியின் கன்னம். அசையாமல் இரு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் அசையட்டும், இரண்டு நிமிடத்தில் பிடிக்கப் பழகட்டும். இந்தப் பிள்ளைகள் சினிமா நடிகரை வரைந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. பாட்டியின் முகம் படத்துக்கு உதவாது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. உதவும் என்றும் யாரும் சொன்னதில்லை.

வசதி அதிகம் வேண்டாம். ஹெச்.பி., 4பி, 6பி என்று மூன்று பென்சில், கோடு போடாத நோட்டு, ஒரு வாட்டர் கலர் பெட்டி. கரி அடுப்பில் இருக்கிறது. பிரவுன் நிறத்துக்குக் காபி டிகாக்‌ஷனே போதும். செய்ய வேண்டிய முக்கியமான வேலை, ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதியும் இடமும் எழுதுவது. எதையும் கிழிக்கக் கூடாது. மழை மாதங்களில் இந்த மலையில் காகிதம் ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும். தாள்களைச் சுருட்டி உத்தரத்தில் செருகாமல், தட்டையாக அட்டைகளுக்கு நடுவே வைத்து பிளாஸ்டிக் உறை போட்டு, வெயில் வந்த நாளில் எடுத்துக் காற்றாட விடுங்கள். உறைவிடப் பள்ளியில் பிள்ளைக்குச் சொந்தமாக இருப்பது ஒரு டிரங்குப் பெட்டி. தலைமையாசிரியர்கள் பீரோவில் ஒரு தட்டை இதற்கு ஒதுக்கினால் பெரிய உதவி. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் பிள்ளை வரைந்த படத்தை, பரிசு வந்தாலும் வராவிட்டாலும், யாருடைய செல்போனிலாவது படம் எடுத்து வையுங்கள். அரசு நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகள், லோயரும் ஹையரும், பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தக்கவை. ட்ராயிங் மாஸ்டர் வேலைக்கு அவைதான் பழைய வழி.

இதில் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆதிமூலமே கல்லூரி முடித்து நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் வரையும் வேலையில்தான் இருந்தார். மலையிறங்கினால் வரும் சேலம் கைத்தறிக்குப் பேர்போன ஊர், அங்கே 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. அச்சு, விளம்பரம், அனிமேஷன் எல்லாம் வரையத் தெரிந்த கையைத் தேடுகின்றன. முதல் வருடமே நிறையச் சம்பளம் வரும் என்று சொல்லி நான் யாரையும் அனுப்ப மாட்டேன். வேலையே இல்லை என்று சொல்லி ஒரு பிள்ளையை நிறுத்தவும் மாட்டேன்.

கடைசியாக ஒரு காகிதம், இது வரைய வேண்டியது இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குக் கல்லூரிகளில் 1 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும். பிளஸ் டூ தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், பிளஸ் ஒன் சேர்ந்த உடனே விண்ணப்பித்து விடுங்கள்.

(தொடரும்)