கற்பு என்னுஞ் சொல்லின் பொருள்

சுருளிப்பட்டியின் மருங்கே ஓடுஞ் சுருளியாறு முல்லையாற்றொடு கூடி வையையைச் சேர்வது. அவ்வையைக் கரைவழியே மேற்றிசை நோக்கி நடந்து, மலையேறி, வானுலகெய்தினாள் கண்ணகி என்று சிலப்பதிகாரங் கூறும். கூடலூரை அடுத்த மலைமேலுள்ள மங்கலதேவி கோட்டத்தில், ஆண்டுதோறுஞ் சித்திரைப் பௌர்ணமியன்று கம்பம் பள்ளத்தாக்கினர் அவளைத் தெய்வமாகப் போற்றி வருகின்றனர். அவளைத் தெய்வமாக்கியது கற்பு எனின், அச்சொல்லின் பொருள் யாதென ஆராய்தல் கடனாகும்.

உலகவழக்கில் அச்சொல் உடற்றூய்மை ஒன்றனையும், கணவன் சொற்கு வினாவின்றி அடங்குதலையுமே குறிப்பதாகப் பலர் கருதுவர். அதன் பகுதியோ ‘கல்’ என்பது, ‘பு’ விகுதி. கற்றுக் கைக்கொண்ட ஒழுக்கம் என்பதே முதற்பொருள். கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கரணத்தொடு நிகழும் மணவாழ்வினைத் தொல்காப்பியனார் கற்பென வகுத்தார். மனைவியின் மாண்புகளை எண்ணுமிடத்துப் பொறை, நிறை, விருந்தோம்பல், சுற்றம் பேணல் முதலியவற்றோடு ஒன்றாகவும் அதனை வைத்தார். எனவே அது வாழ்வு முழுவதற்கும் பெயர்; அவ்வாழ்விலுள்ள ஒரு குணத்திற்கும் பெயர்.

பெற்றோரும் தலைவனுங் கற்பித்தலின் கற்பாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். அங்ஙனமாயின், கற்பிப்பார் சொல்வழி நிற்றலே கற்பாகாதோ எனின், ஆகாது. கற்றது தன் அறிவாய் நிலைபெற்றபோதே கற்பு நிரம்பும். காமவேள் கோட்டந் தொழுது கணவனைப் பெறுக என்று தோழி கூறியவழிக் கண்ணகி அது பெருமையன்றென மறுத்தாள். கோவலன் ஒழுக்கம் சான்றோர் போற்றாதது என அவன் முன்னரே உரைத்தாள். அவனைப் பிரிந்திருந்த நாளில் அறவோரையும் விருந்தினரையும் பேணும் அறம் இழந்ததற்கே வருந்தினாள். பாண்டியன் அவையில் வழக்குரைத்தபோது அவளுக்குக் கற்பிப்பார் ஒருவரும் உடனில்லை. சிறைகாக்குங் காப்பினும் நிறைகாக்குங் காப்பே தலையாயது என்னும் வள்ளுவர் கருத்தும் இதுவே.

சைவ நூல்கள் இப்பொருளை உயிரின்மேலும் ஏற்றுவன. திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் ஒரு நங்கையைக் காட்டுவர். அவள் முதற்கண் இறைவன் பெயரையும், பின் அவன் வண்ணத்தையும், அதன்பின் அவன் ஊரையுங் கேட்டறிந்தாள். அறிந்த பின்னரே அன்னை அத்தனை நீத்து, உலகத்தார் ஆசாரத்தைக் கடந்து, தன்னை மறந்து, அவன் தாளை அடைந்தாள். கேள்வி முன்னும் ஒப்படைப்புப் பின்னுமாக நிற்கும் இம்முறை கருதற்பாலது. அறியாது அடங்குதல் அச்சத்தின் பாலது. அறிந்து பிறழாது நிற்றலே கற்பு. அஃது ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி உயிர்க்கெல்லாம் உரிய நெறியாதல் தெளிக.