ஊருணிக் காலமும் குழாய்க் காலமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்க ஊருணி ஒன்றே கதி. அதில் குளிக்கவோ துணி அலசவோ விடமாட்டார்கள். கலங்கல் போகப் பானையில் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள். கலங்கல் தெளியும், காலரா போகாது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) பசிக்குத் தப்பியவர்களில் பலரை வாந்திபேதி கொண்டுபோனது. அந்தக் காலத்து வைத்தியசாலைக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படவில்லை. அண்டாவும் விறகும் இருந்தால் கொதிக்கவைத்துச் சமாளித்துவிடலாம்.

இன்று சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி குழாயில் வருகிறது. உப்புக்கு விடிவுதான். ஆனால் ஊருணி கெட்டால் ஓர் ஊர் தவித்தது. குழாய் கெட்டால் அது போகும் ஊரெல்லாம் தவிக்கும். காரைக்காலில் 2022 ஜூலையில் குடிநீரில் சாக்கடை கலந்து காலரா பரவ, பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள்.

100 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்லும் கணக்கு, படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர். இதை எந்த அண்டாவில் கொதிக்கவைப்பது? பிளீச்சிங் பவுடரைத்தான் கூட்டுவார்கள். வார்டுக்கு அது சரி: சாதாரண நாளில் குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும், நோய் பரவும்போது 0.5. டயாலிசிஸ் அறைக்குள் போகும் நீரிலோ 0.1-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஒரு தடவைக்கு 120 லிட்டர்போல ஓடும் அந்தத் தண்ணீருக்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. குளோரினைப் பிடித்துவைக்க வேண்டியது கரி வடிகட்டி. பவுடரைக் கூட்டும் நாளில் அதை யாராவது போய்ப் பார்க்கிறார்களா?

பிரேசிலின் கருவாரு நகரில் 1996 வறட்சியின்போது ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு ஏரித் தண்ணீரை லாரியில் கொண்டுவந்தார்கள். அதிலிருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. வறட்சி, ஏரி, லாரி: நம் சீமைக்கு இவற்றில் எது புதிது?

ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். லாரிக்காரரிடம் எங்கே ஏற்றியது என்று எழுதி வாங்கி, குளோரினைச் சோதித்த பிறகே சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்குத் தனித் தொட்டி கட்டுங்கள். தண்ணீர் நன்றாக வரும் இந்த நாட்களிலேயே கட்டுங்கள்.