காலையில் நொண்டும் பிள்ளை

சாயங்காலம் பார்த்தால் தாமான் திடலில் பந்து விரட்டும் பையன்தான். காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். பல் துலக்கி, சீருடை மாட்டி, பள்ளி வேன் வந்து ஹாரன் அடிப்பதற்குள் நடை சரியாகிவிடும். சிரம்பான் பக்கத்துச் செனாவாங்கில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் தாமான்களும் பேக்டரிகளும் வந்தபின், தாயோ தகப்பனோ நைட் ஷிப்டில் இருக்கும் வீடுகள் ஏராளம். அந்த அரைமணி நேரம் யார் கண்ணிலும் படாமலே போகலாம். பட்டாலும், “எங்கயாவது விழுந்திருப்பான்” என்று பாட்டி எண்ணெய் போட்டு உருவி விடுவதோடு முடிந்துவிடும்.

குழந்தை மூட்டுவாதம் பல வீடுகளில் இப்படித்தான் நுழைகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகிப்போய், நடக்க நடக்க இளகும். ‘வளர்ற வலி’ இதற்கு நேர்மாறு. அது இரண்டு காலிலும் இரவில் வரும். பிடித்துவிட்டால் பிள்ளை தூங்கிவிடும். விடிந்தால் நடையில் ஒரு குறையும் இருக்காது. மூட்டுவாதம் வந்த சின்னப் பிள்ளைகள் பலர் வலிக்கிறது என்று சொல்வதே இல்லை. படி ஏற மறுப்பார்கள், குத்துக்காலிட்டு உட்கார மாட்டார்கள், தூக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள். அதைச் செல்லம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆறு வாரக் குழப்பம்

16 வயதுக்குள் தொடங்கி, மூட்டு வீக்கம் 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாவிட்டால் அதை ‘ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்’ என்கிறார்கள். ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது தோராயக் கணக்கு. லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 22 பிள்ளைகளை ஆராய்ந்து 1897-லேயே இதை விவரித்துவிட்டார். ஆனாலும் இன்றுவரை பிள்ளைகள் தாமதமாகத்தான் நிபுணரிடம் போய்ச் சேருகிறார்கள்.

அந்த 6 வாரம் நோய்க்குப் பெயர் வைப்பதற்கான கணக்கு. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. மூட்டு வீங்கியிருந்தால் நிபுணருக்கு அனுப்பும் ருஜுக்கான் (பரிந்துரை) கடிதத்தைக் கிளினிக் டாக்டர் அன்றைக்கே எழுதலாம்; பெயரை நிபுணர் வைத்துக்கொள்வார்.

இன்னொரு பொறி ரத்தப் பரிசோதனை. பெரியவர்களின் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ‘ருமட்டாய்டு ஃபேக்டர்’ இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நெகட்டிவ்தான். தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். “டெஸ்ட் எல்லாம் நார்மல்” என்ற ஒரு வரியை வைத்து மூட்டுவாதம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு நிமிடம் போதும்

அதற்கொரு வழியை இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெலன் ஃபாஸ்டர் குழுவினர் 2006-ல் வெளியிட்டார்கள். ‘பி-கால்ஸ்’ என்று பெயர். முதலில் மூன்று கேள்விகள்: மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலி, இறுக்கம் உண்டா? உதவியில்லாமல் உடுத்த முடிகிறதா? மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா? பிறகு பிள்ளையை நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்கவிட்டு, குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லி, முழங்காலில் நீர் கோத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார்கள்.

அதில் ஒரு சோதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே தேவையில்லாதது. இரு கைகளையும் கும்பிடச் சொல்வது. உள்ளங்கைகள் ஒட்டி, முழங்கைகள் பக்கவாட்டில் உயர வேண்டும். மணிக்கட்டில் வாதம் இருந்தால் கைகள் முழுதாக ஒட்டாது. பாலர் பள்ளி ஆசிரியை தினமும் வணக்கம் வாங்கும்போதே கவனிக்கக்கூடிய அடையாளம் இது. பிள்ளையின் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதன் வாய்க்குள் நுழைகின்றனவா என்பது தாடை மூட்டுக்கான சோதனை.

கண்ணும் காய்ச்சலும்

இந்த நோய் உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்காவது கண்ணுக்குள் அழற்சி வரும் என்பார்கள். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. பார்வை மட்டும் சத்தமில்லாமல் குறையும். கண் மருத்துவர் ‘ஸ்லிட் லேம்ப்’ வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணில் குறை சொல்லாத பிள்ளைக்கும் அந்தச் சோதனை கட்டாயம்.

சில நேரம் நாள் கணக்கில்கூடப் பொறுக்கக்கூடாது. காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாக வீங்கி, காலை ஊன்றவே முடியாமல் போனால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே அவசரப் பிரிவு. முகம் வெளுத்து, உடம்பு இளைத்து, இரவில் எலும்பு வலியால் பிள்ளை அழுது எழுந்தால் ரத்தப் புற்றுநோயையும் பார்க்க வேண்டும். அது இல்லையென்று உறுதியாகாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் உண்மை நோய் மறைந்துவிடும்.

கடிதம் போகும் வழி

செனாவாங்கிலிருந்து வழி நீளமானதல்ல. அரசாங்கக் கிளினிக், அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, தேவைப்பட்டால் செலாயாங் மருத்துவமனையின் குழந்தை வாத நோய் நிபுணர்கள். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் அதே கேடிஎம் கொமுட்டர் செனாவாங்கிலிருந்து பத்துமலைக்குப் போகிறது. செலாயாங் மருத்துவமனை அதற்குப் பக்கத்தில்தான்.

‘கால் வலி’ என்று மட்டும் ருஜுக்கான் கடிதத்தில் இருந்தால் பிள்ளை வேறு பிரிவின் வரிசையில் போய் நின்றுவிடலாம். எந்த மூட்டு, எத்தனை வாரமாக, காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம், முன்பு செய்த எதை இப்போது செய்வதில்லை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: காலை நடையைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்கில் நம்பர் கூப்பிடும்போது பத்து மணி ஆகியிருக்கும், பிள்ளை நன்றாக நடப்பான்.

நேரத்தோடு போனால் கொடுப்பதற்கு மருந்து இருக்கிறது: மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, வாரம் ஒரே ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட், அதற்கும் அடங்காவிட்டால் பயாலஜிக் ஊசிகள். தாமதித்தால் வாதம் பிடித்த கால் மற்றதைவிட நீளமாக வளரும், முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும். ஆகவே வீக்கம் இருந்தாலோ, இரண்டு வாரமாகியும் காலை நொண்டல் நிற்காவிட்டாலோ, “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டாம். குழந்தை மருத்துவருக்கு ருஜுக்கான் வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.